பதினோராவது பத்தி

எங்கள் வக்கீல் ஆபீசில் மாமியார்களுக்கென்றே ஒரு பத்தி உண்டு. மனுவில் அது பதினோராவது. முதல் பத்தியில் பெண்ணின் பெயர், வயது, தொழில். இரண்டாவதில் கல்யாணம் நடந்த தேதி. அப்புறம் குடித்தனம், சண்டை, அடி, உதை என்று பத்து வரைக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி எழுத வேண்டும். பதினொன்றுக்கு அந்தச் சிரமம் இல்லை. பழைய ஃபைலைத் திறந்து மாமியாரின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும். பத்தொன்பது வருஷமாக நான்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அதில் இருப்பது இவ்வளவுதான்: "இரண்டாம் எதிர்மனுதாரரான மாமியார், காலையில் குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். மனுதாரர் கேட்டால், வேலை முடியட்டும் என்பார். மனுதாரர் பல நாட்கள் அந்தக் கதவருகே கால் மாற்றிக் கால் மாற்றி நின்று அழுதிருக்கிறார். மனுதாரர் சாப்பிட உட்கார்ந்தால், மாமியார் எதிரில் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் வாய்விட்டு எண்ணுவார்."

இந்த இடம் வரும்போது நீதிபதிகள் தலையை நிமிர்த்திப் பெண்ணைப் பார்ப்பார்கள் என்று வக்கீல் பெருமையடித்துக்கொள்வார், ஏதோ அவரே ராத்திரியெல்லாம் யோசித்து எழுதிய மாதிரி. அவருக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. அது என் வீட்டுக் குளியலறை. என் மாமியாரின் இடுப்பு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இந்த ஆபீசுக்குக் கட்சிக்காரியாகத்தான் படியேறினேன். வழக்கு முடிந்ததும் போக்கிடம் இல்லாமல், எனக்குத் தட்டச்சு தெரியும் என்று சொல்லி இங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்து வந்த பெண்ணுக்கு மனு அடிக்கும்போது, "உன் மனுவுல மாமியார் பத்தி ஒண்ணு இருந்துதே, அதையே இதுலயும் போட்டுடும்மா, நல்லா எடுபடும்" என்றார் வக்கீல். போட்டேன். அன்று ஆரம்பித்த வழக்கம்.

முந்நூறு மனுவாவது போயிருக்கும். முந்நூறு வீட்டிலும் அதே குளியலறை, அதே சாவி, அதே கவளம். இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு வக்கீலோ ஒரு நீதிபதியோ கேட்டதில்லை. மாமியார் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும்விட நான் உறுதியாக முடிவு கட்டியிருந்தேன்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மிஷின் ஓடினால் மேலே என் மேஜை அதிரும். உள்ளறையில் வக்கீல். எந்த வழக்கையும் தள்ளிப்போடுவதில் கெட்டிக்காரர் என்பதால் கோர்ட்டில் அவருக்கு 'வாய்தா' என்று பட்டப்பெயர். வெளியறையில் நான், கம்ப்யூட்டர், ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும் ஒரு மின்விசிறி, கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்ச். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழாத பெண்கள் குறைவு.

கண்ணாடிக்கடைப் பெண் அழவில்லை. வலது கையில் கட்டுப் போட்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில், வட்டமாக வரும் கண்ணாடியை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி ஓரம் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுடையது. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உள்ளறைக் கதவு எப்போதும் திறந்தே இருப்பதால் நான் என் இடத்தில் இருந்தபடியே குறிப்பெடுத்துக்கொள்வேன்.

"கையில என்ன?" என்றார் வக்கீல்.

"கதவிடுக்குல வெச்சு அழுத்திட்டார் சார். ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது."

"புருஷன் என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

"அத்தை பேர்ல. அவரோட அம்மா."

"அப்ப மாமியாரையும் எதிர்மனுதாரரா சேர்க்கணும். அவங்க வீட்டுல நீ இருக்கணும்னு கேக்கறோம், அவங்களை விட்டுட்டுக் கேக்க முடியாது."

"சேர்த்துக்கங்க சார். என்னை இங்க அனுப்பினதே அத்தைதான்."

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் நிதானமாகச் சொன்னாள். மாமியார் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி மடித்து ஓய்வு பெற்றவர். வீடு அவர் உழைத்துக் கட்டியது. மகனை வெளியே போ என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் கிடையாது. சொன்னால் அவருக்கும் விழும், முன்பு விழுந்தும் இருக்கிறது. "நீ போய் மனுப் போடு கண்ணு, அவன் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லட்டும், நான் வந்து நிக்கறேன், என் மருமக இங்கதான் இருப்பான்னு ஜட்ஜ்கிட்ட சொல்றேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுவரைக்கும் இந்தப் பெண் கூட வேலை செய்கிறவளின் அறையில் தங்கியிருக்கிறாள்.

"விவாகரத்தும் கேட்டுடலாமே" என்றார் வக்கீல்.

அவள் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம், "விவாகரத்து ஆயிட்டா அத்தைக்கு நான் யாரு சார்?" என்று கேட்டாள்.

"யாருமில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா. மாமியார் மருமக உறவெல்லாம் சட்டத்துல புருஷன் வழியா வர்றது. மேல குழாயை மூடிட்டா கீழ தண்ணி வராது இல்ல, அது மாதிரி. நாளைக்கு அவங்களுக்கு உடம்பு முடியாமப் போனா ஆஸ்பத்திரில உன்னைக் கையெழுத்துக்கூடப் போட விடமாட்டாங்க."

"அப்ப விவாகரத்து வேண்டாம் சார். காகிதத்துல அவர் பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன். அவர் வீட்டுக்குள்ள வரக்கூடாது. நானும் அத்தையும் அங்க இருக்கணும். அது போதும்."

தனக்கு அம்மா கிடையாது, தன் ஏழு வயசிலேயே போய்விட்டாள் என்று அப்புறம் என்னிடம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். நாளெல்லாம் கண்ணாடி ஓரத்தையே உற்றுப் பார்த்துவிட்டுப் போனால் கண் எரியுமாம். அத்தை படுக்கச் சொல்லி ஈரத்துணியை மடித்துக் கண்ணில் போடுவாராம். "ஆஸ்பத்திரி மடிப்பு அக்கா, ஓரம் அப்படி நேரா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அத்தைக்கு இவள் தன் கையால் தேய்த்து ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறாள், பழுப்பு ஃப்ரேம். அதற்கப்புறம்தான் அவர் பேப்பர் படிக்க ஆரம்பித்தாராம். போகும்போது வாசலில் நின்று, "அக்கா, அத்தையைப் பத்தி மனுவுல தப்பா ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றாள். "வராது" என்றேன். அவள் கண் முன்னாலேயே '11 வேண்டாம்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஒட்டினேன்.

அந்தத் துண்டு கடைசிவரை அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மனுவை அடித்தேன். கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். பத்து வரைக்கும் அவள் சொன்னதை எழுதினேன். பதினொன்று வந்தது. அழிக்க வேண்டியதுதானே. நாலு வரியையும் தேர்ந்தெடுத்து நீலமாக்கிவிட்டேன், ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். கை போகவில்லை.

மறந்துவிட்டேன் என்று அப்புறம் அவளிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன். இங்கே அதைச் சொல்லப்போவதில்லை. மறக்கவில்லை. நான் நம்பவில்லை, அவ்வளவுதான். ஈரத்துணியாம், கண்ணில் போடுவாராம். என் மாமியார்கூட முதல் மூன்று மாதம் எனக்குத் தலை வாரிவிட்டவள்தான். பெற்ற பிள்ளை எதிரில் வந்து நின்றால் இந்த அம்மாள் எந்தப் பக்கம் பேசுவாள் என்று எனக்கா தெரியாது. அன்றைக்கு இந்தப் பெண் வெறுங்கையோடு நிற்கக் கூடாது, ஒரு பிடிமானம் இருக்கட்டும். இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது என்று எனக்கு எரிந்தது. பெயரையும் வயதையும் மாற்றி அச்செடுத்துவிட்டேன்.

அவள் வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். மூன்று பிரதி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. வலது கை முடியாது என்பதால் இடது கையால் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாகக் கோணல்மாணலாக, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தை மட்டும்தான் அவள் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில், மேலே கண்ட யாவும் உண்மை என்று சத்தியம் செய்கிற இடத்தில் நிறுத்தி, "எல்லாம் சரியா இருக்கா அக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு, போடு" என்றேன்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். என் மேஜைக்கு நேரே வந்து நின்றாள். கையில் மனுவின் பிரதி. கோர்ட்டிலிருந்து மாமியாருக்குத் தபாலில் போனது, அவர் அதை இவளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். நாலாக மடித்திருந்தது, ஓரத்தோடு ஓரம் பிசகாமல்.

"அத்தை போன் பண்ணாங்க" என்றாள். "திட்டல. அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. நம்ம வீட்டுப் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாதே கண்ணு, உடைஞ்சு போய்க் கயிறுதானே கட்டியிருக்கோம், பூட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க."

அவள் பிரதியை என் மேஜையில் வைத்தாள்.

"நான் போட்டுக் குடுத்த கண்ணாடியை மாட்டிக்கிட்டுத்தான் அக்கா இதைப் படிச்சிருப்பாங்க."

"மறந்துட்டேம்மா" என்றேன். "அவசரத்துல மறந்துட்டேன்."

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். '11 வேண்டாம்' என்ற துண்டு அங்கே இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன். அதற்கப்புறம் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

வக்கீலிடம் போய் அந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும் என்றாள். வாய்தா தலையைச் சொறிந்தார். "சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாச்சேம்மா. இப்ப இது பொய்னு நீயே சொன்னா எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவானா? ஒரு இடத்துல பொய் சொன்னவ எல்லா இடத்துலயும் பொய்தான் சொல்லியிருப்பா, கையும் தானா வழுக்கி விழுந்து ஒடிச்சுக்கிட்டதுதான்னு சொல்லுவான். மனு தள்ளுபடி ஆயிடும். பொய்ச் சத்தியத்துக்கு உன் மேல நடவடிக்கையும் வரும். வீடு போயிடும். பேசாம விட்டுடு."

"நான் கோர்ட்ல உண்மையைச் சொல்லிடறேன் சார். வீடு போனாப் போகட்டும்."

"வீடு போனா எங்க இருப்ப?"

"எங்கேயோ இருந்துக்கறேன். அத்தை அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எழுத்துல வரணும்."

அன்று சாயந்திரமே மாமியாருக்குப் போன் பண்ணி, வக்கீல் சொன்னதையும் தான் செய்யப்போவதையும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி கண்ணு, அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

விசாரணை அன்றைக்கு நானும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். குடும்ப வழக்குகள் நடக்கும் அறை எப்போதும் போலத்தான் இருந்தது. சுவரோரம் அலமாரிகளில் கட்டுக்கட்டாகக் காகிதம், உயரமான ஜன்னல்கள், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தாமாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் சாந்தமே உருவாக இருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. நான் ஒரு பெரிய உருவத்தை நினைத்து வைத்திருந்தேன். இவர் என் தோள் உயரம் கூட இருக்க மாட்டார். பழுப்பு ஃப்ரேம் கண்ணாடி. மடியில் கைகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, வரிசையில் உட்கார வைத்த பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மருமகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி, நிதானமான குரல். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுந்து, மனுவில் இருப்பது முழுப்பொய், மனுதாரர் தானே தவறி விழுந்தார், கூடவே இருந்த தாயாரே அதைச் சொல்வார் என்றார். மகன் அப்படித்தான் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். நீதிபதி அந்த அம்மாளை முன்னால் வரச் சொன்னார்.

"இந்த மனுவைப் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேங்கம்மா."

"உங்க மேலயும் குற்றச்சாட்டு இருக்கு. பதினோராவது பத்தி. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னார்.

"உண்மைங்கம்மா. பாத்ரூமைப் பூட்டி சாவியை வெச்சுக்கிட்டேன். சோத்தை எண்ணினேன். அதுல எழுதியிருக்கறது மொத்தமும் உண்மை. எம்பையன் அவ கையைக் கதவுல வெச்சு அழுத்தினதும் உண்மை. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

மெக்கானிக் "அம்மா" என்று எழுந்தான். அவன் வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"இல்லம்மா, அத்தை பொய் சொல்றாங்க. அவங்க எனக்கு எதுவுமே பண்ணல. அந்தப் பாத்ரூமுக்குப் பூட்டே கிடையாது. அது தப்பா எழுதினது."

நீதிபதி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு கனிவு. "யாரும்மா உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது? மெரட்டினாங்களா? பயப்படாதீங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க." பக்கத்தில் எழுதுகிறவரைப் பார்த்து, மனுதாரர் இன்னும் அச்சத்தில் இருப்பது தெரிகிறது என்று சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார்.

அவள் மறுபடி மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்து வார்த்தை குழறியது. அழ அழ, பயந்து போன பெண் என்பதுதான் உறுதியாகிக்கொண்டே போனது. என் பக்கத்தில் வாய்தா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, அம்மா, அந்தப் பத்தி என்னுடையது, முந்நூறு மனுவில் அது இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முந்நூறு பெண்களின் தீர்ப்பும் சந்திக்கு வரும் என்று ஒரு சாக்கு உடனே கிடைத்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"நானே வீட்டை விட்டுப் போயிடறேங்கம்மா" என்றார் அந்த அம்மாள். "அவ அங்க நிம்மதியா இருக்கட்டும். அவ இருக்கற வரைக்கும் இருக்கட்டும், நான் எழுதிக்கூடக் குடுக்கறேன்."

"உங்களுக்குத் தங்க வேற இடம் இருக்கா?"

"எம்பையன் இருக்கான்."

உத்தரவு அரை மணியில் வந்துவிட்டது. எதிர்மனுதாரர் இருவரும் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது. மனுதாரரிடம் நேரிலோ தொலைபேசியிலோ பிறர் மூலமாகவோ பேசக் கூடாது. மூன்று வருஷத்துக்கு. வாய்தாவுக்கு வாழ்க்கையிலேயே இவ்வளவு சீக்கிரம் ஒரு உத்தரவு கிடைத்ததில்லை. வெளியே வந்ததும் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் அதை அப்படியே வைத்துவிட்டேன்.

தாழ்வாரத்தில் அந்தப் பெண் மாமியார் பின்னால் ஓடினாள். "அத்தை, அத்தை" என்றாள். அவர் நடையை வேகமாக்கினாரே தவிரத் திரும்பவில்லை. மகனின் வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதால் மறுநாளே உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனு வந்துவிடும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வருஷம் துணி மடித்தவருக்குச் சட்டம் எங்களைவிட நன்றாகவே புரிந்திருந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு முற்பகல், வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம், படியில் மெதுவாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடிக்கும்போது முந்தானை விலகி, மணிக்கட்டுக்கு மேலே கன்றிப் போயிருந்தது தெரிந்தது.

"என்னம்மா இது?"

"கதவுல பட்டுடுச்சு" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "நீங்களும் ஒரு மனு போடலாம்மா. பெத்தவங்களை அடிச்சாலும் கேக்கறதுக்குச் சட்டம் இருக்கு. நானே அடிச்சுத் தர்றேன்."

"என்னன்னு போடுவே? மருமகளைப் பாத்ரூம் போக விடாத கெழவின்னு எம் பேர் கோர்ட்ல பதிஞ்சிருக்கு. நான் சொன்னா யாரும்மா நம்புவா? இல்ல, நான் நல்லவதான்னு சொல்லணும். சொன்னா அவ இருக்கற வீடு போயிடும்." கோபமே இல்லாமல் சொன்னார். இதையெல்லாம் அவர் எப்போதோ யோசித்து முடித்து வைத்திருந்தார்.

கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓட ஆரம்பித்தது. அது நின்றதும் கன்றிய கையை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அந்தப் பாத்ரூம் சாவி, அந்தச் சோத்தை எண்றது. அது யாருக்கு நடந்துச்சு?"

"என்னம்மா?"

"படிச்சப்பவே தெரிஞ்சுது. இட்டுக்கட்டினா பட்டினி போட்டா, சூடு வெச்சான்னு எழுதுவாங்க. கால் மாத்திக் கால் மாத்தி நின்னான்னு எழுத வராது. எந்தப் பொண்ணோ நின்னிருக்கு. உனக்கா?"

பத்தொன்பது வருஷத்தில் முந்நூறு பேர் படித்த அந்த வரிகளைப் பற்றி யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எவ்வளவு நேரம் நிக்க வெச்சா?"

"சில நாள் மத்தியானம் வரைக்கும்."

"பாவி" என்றார். என் மாமியாரை. மறக்கவில்லை, தெரிந்தேதான் விட்டேன் என்று அவரிடம் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் கையை ஒரு முறை தொட்டார். பிறகு தன் கையை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு நடந்தது கொடுமைதாம்மா. ஆனா அதைத் தூக்கி என் தலையில வெச்சிருக்க வேண்டாம்."

அவர் குடித்து வைத்த தம்ளரை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். இடது காது மாட்டும் கம்பி கழன்று தொங்கியது. "கீழ விழுந்துடுச்சு. கண்ணாடிக்கடையில குடுத்துச் சரிபண்ணிட்டு வந்து தர்றியா? எம் பேரைச் சொல்லாத. நான் குடுத்தேன்னும் சொல்லாத. ஆள் விட்டுப் பேசினதா ஆயிடும். சும்மா மேஜையில வை."

அடுத்த வாரம் இதே நாள் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கண்ணாடி இல்லாமல் அந்தப் படிகள் அவருக்குத் தெரிந்திருக்காது. நான் கூட இறங்கிப் பஸ் நிறுத்தம்வரை போனேன். மகன் குடியிருக்கும் இடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

மறுநாள் மதியம் கடைக்குப் போனேன். முன்பக்கம் ஃப்ரேம்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், விளக்கடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் விறைப்பாக நீட்டியபடி இருந்தன. என்னைக் கண்டதும் முகம் இறுகிவிட்டது. நான் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை அவள் முன்னால் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்தாள். வளைந்திருந்த கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்தினாள். ஓரமாக ஒரு கீறல் இருந்தது, அதை விரலால் தடவிப் பார்த்தாள். எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. சின்னத் திருப்புளியால் இடது பக்கத்துத் திருகை இறுக்கினாள். ஆட்டிப் பார்த்து, இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். துணியில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு இரண்டு பக்கமும் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் திருப்பி, எந்தக் கோளாறும் இல்லாத வலது பக்கத்துத் திருகில் திருப்புளியை வைத்தாள். மெதுவாக, இரண்டு விரல் மடங்காத அந்தக் கையால், ஒன்றரைச் சுற்று தளர்த்தினாள். தளர்த்திவிட்டு விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, திருப்தியாக ஒரு உறையில் போட்டாள்.

"ரெண்டு வாரம் தாங்கும்" என்றாள். "கழண்டா எடுத்துட்டு வாங்க."